வெள்ளம் வடிந்த ஊர்ப் பள்ளியைத் திறக்க பெங்களூரிலிருந்து என்ன செய்யலாம்?

பெண்ணைக்கரை | 7 டிசம்பர் 2024, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது கே.ஆர்.புரம், சொந்த ஊர் நெல்லிக்குப்பம் பக்கம் தென்பெண்ணைக் கரை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் மழையோடு போயிற்று, தப்பித்தோம் என்று அம்மா போனில் சொன்னார். அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. 2-ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், ஆறு ஊருக்குள் வந்துவிட்டது.

நான் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஜன்னல் திட்டு வரை தண்ணீர் நின்றிருக்கிறது. தம்பி வீடியோ அனுப்பினான். கரும்பலகையின் கீழ்ப்பாதி சேற்று நிறம், மேல்பாதியில் "மொத்தம் 31, வருகை 28" என்று சாக்பீஸில் எழுதியது அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

நண்பர்கள் சேர்ந்து 1,10,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். அவென்யூ ரோட்டில் நோட்டு, பை, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் மொத்த விலைக்கு வாங்கி அடுத்த சனிக்கிழமை டெம்போவில் கொண்டுபோவதாகத் திட்டம். ஆபீசில் இருபது பேர் பெயின்ட் அடிக்க வரத் தயார். வேறு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மடிவாளா டீக்கடை | 7 டிசம்பர், இரவு 9.25

டெம்போ வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஓசூர் ரோட்டில் நமக்குத் தெரிந்த வண்டி இருக்கிறது. டீசல் மட்டும் போட்டால் போதும்.

வர்த்தூர்வாசி | 7 டிசம்பர், இரவு 9.48

ஒரு விஷயம் யோசித்தீர்களா, உங்கள் ஊர் ஆறு பிறக்கிறதே நம் நந்தி மலைப் பக்கம்தான். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரையும் அதில்தான் சேர்கிறது. நாம் இங்கே கழுவி விடுவது எல்லாம் உங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறது போல.

பெண்ணைக்கரை | 7 டிசம்பர், இரவு 9.55

நுரை விஷயம் உண்மைதான் அண்ணே, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் வருஷா வருஷம் பார்க்கிறோம். ஆனால் இந்த வெள்ளம் பெங்களூர்த் தண்ணீர் இல்லை. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கொட்டிய மழை. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் உருண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஓய்வு டீச்சர் | 7 டிசம்பர், இரவு 11.30

தம்பி, நான் வேதாரண்யம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று இப்போது கம்மனஹள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் போயிற்று. உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நோட்டு வாங்காதீர்கள். கோபம் வேண்டாம். கஜாவுக்குப் பிறகு முதல் பத்து நாளில் எங்கள் பள்ளிக்கு நோட்டு மட்டும் நான்கு வண்டி வந்தது. பிள்ளைகள் 92 பேர். ஆளுக்கு மூன்று பை கொடுத்தும் மிச்சம். வைக்க உலர்ந்த இடம் இல்லாமல் என் மேசை மேல் அடுக்கி, அந்த மேசையில் நான் உட்கார முடியாமல் போனது. அதே நாட்களில் நான் ஊரெல்லாம் தேடியது ஆறு துடைப்பம், நான்கு இரும்பு மண்வெட்டி, இரண்டு ரப்பர் வைப்பர். பழைய துணி மூட்டை மூட்டையாக வராந்தாவில் கிடந்தது, அதைப் பிரித்து அடுக்கவே ஆசிரியர்கள் இரண்டு நாள் செலவழித்தோம். கடைசியில் ஆடு படுத்துக்கொண்டது. அரசு பாடப்புத்தகம் எப்படியும் மறுபடி வரும், நோட்டும் வரும், சீருடையும் வரும். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பள்ளி திறந்திருக்கிறதா என்று பிள்ளைகள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் தெரியுமா? சத்துணவுக் கூடத்துப் புகையை வைத்து. எங்கள் ஊரில் கரண்ட் வர ஒரு மாதம் ஆனது, கூரை ஓடு பாதி இல்லை, ஆனால் சமையல் தொடங்கிய அன்றைக்கு 60 பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் அவை. தென்னையெல்லாம் சாய்ந்து போன வீடுகளில் பெரியவர்கள் பேசிக்கொள்வதே இல்லை, பிள்ளைகள் அதிலிருந்து தப்பி வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கும். நான் முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. படம் வரையச் சொன்னேன், கதை சொல்லச் சொன்னேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் கூடவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அதனால் உங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். "என்ன வேண்டும்" என்று கேட்டால் "எது கொடுத்தாலும் சரி" என்பார், நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். "அடுப்பு எரிகிறதா, அரிசி நனைந்ததா, தொட்டி கழுவியாயிற்றா, கக்கூஸ் கதவு திறக்கிறதா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பெண்ணைக்கரை | 8 டிசம்பர், காலை 7.05

டீச்சர், வணக்கம். நல்ல வேளை, நோட்டுக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. எச்.எம். சாரிடம் இன்றே பேசுகிறேன்.

கேள்விக்குறி | 8 டிசம்பர், காலை 10.20

எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். அது அரசுப் பள்ளி. அரசு செய்ய வேண்டிய வேலை. நாம் லட்ச ரூபாய் தூக்கிக்கொண்டு ஓடினால் அடுத்த முறையும் "பெங்களூர் பசங்க பார்த்துக்குவாங்க" என்று கை கழுவிவிடுவார்கள். தானே புயல் 2011 டிசம்பரில் இதே கடலூரைத்தான் அடித்தது, அப்போதும் நாம்தான் பை தூக்கினோம். மனு போடுங்கள், ஆர்டிஐ போடுங்கள், பணம் போடாதீர்கள்.

மல்லேஸ்வரம் கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர், காலை 11.02

கேள்விக்குறி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லாத ஒரு ஆபத்தும் இருக்கிறது. பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில் சேதமான தொடக்கப் பள்ளிக் கட்டடத்தைப் பழுது பார்க்கத் தனியாக ஒரு தொகை உண்டு. கஜா சமயத்தில் இருந்த விதிப்படி ஒரு பள்ளிக்கு 1.5 லட்சம் வரை. அது வர வேண்டும் என்றால் சேதப் பட்டியலில் பள்ளியின் பெயர் ஏற வேண்டும். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் நீங்கள் இருபது பேர் போய்க் கழுவி, பூசி, மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்தால், வருகிறவர் பார்த்துவிட்டு "சேதம் இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார். நல்லெண்ணத்தால் பள்ளிக்கு நஷ்டம்.

ஆகவே ஒரு துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போட்டோ. ஒவ்வொரு அறை, சுவரில் தண்ணீர் நின்ற கோடு (பக்கத்தில் அடிக்கோல் வைத்து), பெஞ்சு, பீரோ, மோட்டார், கணினி. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் மனு, கையெழுத்து வாங்கிய நகல் கையில். அதற்குப் பிறகு சுத்தம் செய்யலாம். பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" நன்கொடைத் தளத்தில் குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்தெடுத்தே உதவலாம். அவசரச் சாமான் என்றால் நேரடியாக வாங்கி, பில்லை மேலாண்மைக் குழுவின் பெயரில் போட்டு, அவர்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | 8 டிசம்பர், காலை 11.15

சரி, போட்டோ விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மனு எழுத நான் உதவுகிறேன்.

அல்சூர் கரண்ட்காரர் | 8 டிசம்பர், மதியம் 1.40

சார், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். முப்பது வருஷமாக வயரிங் வேலை. முதல் வேலையாக எச்.எம். சாருக்குப் போன் போட்டு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் வடிந்துவிட்டது, சுவர் காய்ந்த மாதிரி இருக்கிறது, போட்டுப் பார்ப்போம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சுவிட்ச் பெட்டிக்குள்ளே சேறு இருக்கும், பைப்புக்குள்ளே தண்ணீர் நிற்கும், ஈரச் சுவரில் பிள்ளை சாய்ந்தால் போதும்.

ஈ.பி. ஆட்கள் வந்து லைனைத் துண்டித்தபின் எல்லா போர்டையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, மெக்கர் (வயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை உருவிவிட்டுப் புதுசு இழுக்க வேண்டியதுதான். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணைகிற சுவிட்ச்), பிளக் பாயிண்ட் எதையும் காயவைத்துத் திருப்பிப் போடாதீர்கள், பார்க்க நன்றாக இருக்கும், தேவைப்படும் நேரத்தில் ட்ரிப் ஆகாது. மேலே இருக்கிற ஃபேன் தப்பித்திருக்கும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் போடுங்கள். எஸ்.பி. ரோட்டில் எனக்குத் தெரிந்த கடையில் வாங்கித் தருகிறேன், கூலி வேண்டாம். லீவு போட்டு நானே வருகிறேன், பஸ் டிக்கெட்டும் சோறும் போதும்.

பெண்ணைக்கரை | 8 டிசம்பர், மாலை 6.30

அண்ணே, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எச்.எம். சாரிடம் பேசியாயிற்று. மெயினைத் தொடவில்லை. ஆனால் மூன்றாவது ரிங்கில் போனை எடுத்தவர் கேட்ட முதல் வார்த்தை, "தம்பி, அட்மிஷன் ரிஜிஸ்டரை எப்படிக் காயவைப்பது?" பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததாம். நான்கு பெரிய புத்தகம், பழையது 1957. வெயிலில் வைத்திருக்கிறார், அட்டை வளைந்துவிட்டதாம், பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. யாருக்காவது தெரியுமா? டீச்சர்?

ஓய்வு டீச்சர் | 8 டிசம்பர், மாலை 6.52

உடனே வெயிலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்! நிழலில், காற்றோட்டமான இடத்தில். ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கவே கூடாது, மை சேர்ந்து வந்துவிடும். சும்மா திறக்கிற பக்கங்களுக்கு நடுவில் அச்சடிக்காத வெள்ளைத்தாள் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், காய்ந்தபின் சில எழுத்து மங்கிப்போகும். பால்பாயிண்ட் எழுத்து தாங்கும். அந்தக் காலத்து நீலமை ஊறிப் பரவியிருக்கும், இருந்தாலும் படத்தைப் பெரிதாக்கினால் படிக்க முடியும். பூஞ்சை பிடித்த பக்கத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது படிக்கிற பிள்ளைகளின் விவரம் எமிஸில் (கல்வித் துறையின் கணினிப் பதிவில்) இருக்கிறது. 1957-இல் சேர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. ஐந்தாவதோடு நின்ற கிழவி வயது சான்றுக்கு ரெக்கார்டு ஷீட் கேட்டு வந்து நின்றால் எச்.எம். எதைப் பார்த்து எழுதுவார்?

ஹூஸ்டன் ரிட்டர்ன் | 8 டிசம்பர், இரவு 10.15

ரிஜிஸ்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இப்போது ஜெயநகரில் இருக்கிறேன், 2005-இல் ஹூஸ்டனில் இருந்தேன். ஆகஸ்ட் 29 கத்ரீனா சூறாவளி வந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள், கையில் ஒரு காகிதம் கிடையாது. பள்ளிகள் அன்றைக்கே சேர்த்துக்கொண்டன, வீடிழந்த பிள்ளையைச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அங்கே சட்டம். அதன்படி என் மகன் வகுப்பிலேயே ஆறு பேர் சேர்ந்தார்கள்.

ஆனால் அங்கே நியூ ஆர்லியன்ஸில் நடந்தது வேறு. பெரும்பாலான அரசுப் பள்ளிகளை மாநிலம் நகரத்திடமிருந்து எடுத்துக்கொண்டது, ஆசிரியர்கள் உட்பட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏறக்குறைய எல்லாமே தனியார் அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் ஆயின. தேர்ச்சி கூடியது என்று ஒரு கட்சி, தெருவில் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்த டீச்சர் போய்விட்டார் என்று இன்னொரு கட்சி, இன்னும் சண்டை. போர்ட்டோ ரிக்கோவில் 2017 மரியா சூறாவளிக்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை ஒரேயடியாக மூடினார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். புயல் அடித்தபின் ரொம்ப நாள் பூட்டிக் கிடக்கிற பள்ளியிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எண்ணிக்கையைக் காட்டியே மூடலாம்.

மல்லேஸ்வரம் கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர், இரவு 10.40

நம் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலும் அது உண்டு. டி.சி. தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. ஊரை விட்டு உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டு வாலண்டியர் | 9 டிசம்பர், காலை 9.30

அப்படியென்றால் பெயின்ட் வேலை வேண்டாமா? எங்கள் டீமில் டி-ஷர்ட் எல்லாம் அச்சடித்தாயிற்று :(

அல்சூர் கரண்ட்காரர் | 9 டிசம்பர், காலை 9.41

டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சேறு அள்ள வாங்க தம்பி, நல்லா இருக்கும்.

ஓய்வு டீச்சர் | 9 டிசம்பர், காலை 10.05

வரட்டும், ஆனால் இருபது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். இருபது பேருக்கு அந்த ஊரில் சோறு யார் போடுவது? ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது, உரிந்து விழும். அதைவிட முக்கியம், பொறியாளர் பார்த்துக் கட்டடம் உறுதி என்று எழுதித் தரும்வரை பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது. சுற்றுச்சுவரையும் கழிப்பறைச் சுவரையும் யாரும் கவனிப்பதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள், அங்கே புயலும் இல்லை வெள்ளமும் இல்லை. உங்கள் ஊர்ச் சுவரின் அடியில் இரண்டு நாள் ஆறு ஓடியிருக்கிறது.

கழிப்பறைத் தொட்டியை உடனே லாரி வைத்து உறிஞ்சவும் வேண்டாம். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால் சுற்றியுள்ள தண்ணீர் அழுத்தித் தொட்டி விரிசல் விடும், சில சமயம் மேலே எழும்பியும் விடும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தெளிந்தபின் அந்தத் தெளிவைத் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். சத்துணவுக்கும் அதே தண்ணீர்தான், மறக்காதீர்கள்.

பெண்ணைக்கரை | 16 டிசம்பர், இரவு 10.50

போய் வந்தோம். ஏழு பேர், அதில் அல்சூர் அண்ணன் ஒருவர். டெம்போவில் ஏற்றியது: மண்வெட்டி 10, துடைப்பம் 20, வைப்பர், கையுறை, பிளீச்சிங் பவுடர், இரண்டு பெரிய அலுமினிய அண்டா, கேஸ் அடுப்பு, வயர், எம்.சி.பி., இரண்டு ரிம் வெள்ளைத்தாள். நோட்டு ஒன்றுகூட இல்லை. டீச்சர் சொன்ன மாதிரியே, எங்களுக்கு முன்னால் வேறு இரண்டு வண்டி நோட்டு வந்திருந்தது.

சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை அடியில் முளைவிட்டிருந்தது. சமையல் அக்கா அதைக் கையில் எடுத்துக் காட்டிச் சிரித்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புது அரிசி வந்துவிட்டது, பாத்திரம்தான் இல்லை என்றார். வியாழக்கிழமையே மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சமையல் தொடங்கியிருக்கிறார்கள், முதல் நாள் 47 பிள்ளைகள், இன்று 103. வகுப்பும் அங்கேதான், ஒன்று முதல் ஐந்து காலையில், ஆறு முதல் எட்டு மதியத்தில்.

ரிஜிஸ்டர் படங்களை ஐந்து இரவாக உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 1961 பக்கத்தில் என் தாத்தா தம்பியின் பெயர் இருக்கிறது. நிறுத்திய காரணம் என்ற கட்டத்தில் "மாடு மேய்க்க".

கேள்விக்குறி | 17 டிசம்பர், காலை 8.15

மனு நகல் எனக்கும் வந்தது. சேதப் பட்டியலில் பள்ளியின் பெயர் ஏறிவிட்டதா?

பெண்ணைக்கரை | 17 டிசம்பர், காலை 8.40

ஏறிவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஏறவில்லை, அவர்கள் முதலிலேயே கழுவிவிட்டார்கள். தண்ணீர் நின்ற கோடு ஒரு பழைய போட்டோவில் கிடைத்திருக்கிறது, அதை வைத்து மறுபடி மனு எழுத வேண்டும். உங்கள் உதவி வேண்டும்.

கேள்விக்குறி | 17 டிசம்பர், காலை 8.44

அனுப்புங்கள்.

பெண்ணைக்கரை | 26 ஜனவரி 2025, மதியம் 12.20

இழை தூங்கிவிட்டது, அதனால் மேலே கொண்டுவருகிறேன். இன்று கொடியேற்றம் பள்ளி வளாகத்திலேயே நடந்தது. மூன்று அறைகளுக்கு உறுதிச் சான்று வந்துவிட்டது, இரண்டு அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், இடிக்க வேண்டுமாம். பிள்ளைகள் 140-இல் 134 பேர் திரும்பிவிட்டார்கள். மீதி ஆறில் நால்வர் திருப்பூர் போய்விட்டார்கள், அங்கே சேர்ந்துவிட்டதாகத் தகவல்.

புயல் நேரத்தில் போன் செய்த யாரும் இப்போது செய்வதில்லை என்றார் எச்.எம். குறை சொல்லும் குரலில் இல்லை, நிலவரம் சொல்வது போல. கையில் 38,400 ரூபாய் மிச்சம். இப்போது வேண்டியது: போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர், பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு இரண்டு கதவு, ஒரு நல்ல தச்சர்.

அல்சூர் கரண்ட்காரர் | 26 ஜனவரி, மதியம் 1.05

ஸ்டார்ட்டர் என் பொறுப்பு. என் மச்சான் தச்சர்தான், சிவாஜிநகரில் இருக்கிறான், சனிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறிவிடுவோம். கதவு அளவு அனுப்புங்கள். உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா?

பெண்ணைக்கரை | 26 ஜனவரி, மதியம் 1.12

முன்னால் உள்பக்கம். சேறு ஏறியதும் திறக்கவே முடியவில்லை, உடைத்துத்தான் எடுத்தோம். இந்த முறை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போடச் சொல்லுங்கள் அண்ணே. அளவு: உயரம் ஆறரை அடி, அகலம் இரண்டரை. கீழே நான்கு விரல் இடைவெளி விட வேண்டும் என்கிறார் ஆயா, கழுவி விட.